அம்மாவோட ஜீன் டெஸ்ட் ரிசல்ட்ட சொந்தக்காரங்ககிட்ட சொல்லணுமா?

தங்கச்சிமடம்காரன்:
அம்மாவுக்கு மார்புல கேன்சர், மதுரையில வச்சு பாக்குறோம். மார்புக் கேன்சரோட தொடர்புள்ள பிஆர்சிஏ ஜீன்ல மாத்தம் இருக்கான்னு டெஸ்ட் எடுத்தா ஒலாபரிப்ங்கிற கேன்சர் மாத்திரை சரிவருமான்னு தெரியும்னு டாக்டர் சொன்னாக, சரின்னு ரத்தம் குடுக்கப் போனா ஃபார்ம்ல மிச்ச சாம்பிளை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கலாமான்னு ஒரு கட்டம், அம்மா அதப் பாத்துட்டு யோசிக்கிறாக. அது போக தங்கச்சிய மாமா மகனுக்கே பேசி முடிக்கிற நேரம் இது, பாசிட்டிவ்னு வெளிய தெரிஞ்சா ஊர்ல என்ன பேசுவாகன்னு சொல்ல வேணாம். வீட்டுக்குள்ளயே வச்சுக்கலாமா?

லேப்ல_வேல:
தம்பி, ஆராய்ச்சி கட்டத்துல வேணாம்னு டிக் பண்ணுங்க, டெஸ்டும் நடக்கும் வைத்தியமும் நடக்கும். மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஐசிஎம்ஆரோட 2017 வழிகாட்டுதல்லயே ஆராய்ச்சிக்கு மறுத்தா சிகிச்சையக் குறைக்கக் கூடாதுன்னு இருக்கு. 23அண்ட்மீன்னு ஜீன் டெஸ்ட் பண்ற அமெரிக்கக் கம்பெனில 2023ல சுமார் 69 லட்சம் பேர் டேட்டா வெளிய போச்சு, நம்ம 2023 டேட்டா சட்டத்துலயும் ஜீனுக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல, அதெல்லாம் சரி, ஆனா நம்ம பக்கம் ரிப்போர்ட் கசியுறது வாட்ஸ்அப்லதான். ஃபார்ம்ல யாரு நம்பர் குடுத்திருக்கீங்கன்னு மொதல்ல பாருங்க.

கீழக்கரை_பாய்:
இன்சூரன்ஸும் யோசிங்க. 2018ல டெல்லி ஹைகோர்ட் தீர்ப்புக்கப்புறம் ஜெனடிக் நோய்னு காரணம் சொல்லி மெடிக்கல் க்ளெய்ம தள்ளக் கூடாதுன்னு இன்சூரன்ஸ் கம்பெனிகளக் கண்காணிக்கிற ஐஆர்டிஏஐ சொல்லிருச்சு. ஆனா அமெரிக்கால 2008ல கொண்டுவந்த மாதிரி ஜீனுக்குன்னே தனிச் சட்டம் இங்க இல்ல. தங்கச்சி பேர்ல பாலிசி எடுக்குறப்ப கேட்ட கேள்விக்கு மறைச்சு எழுதிறாதீங்க, பின்னாடி க்ளெய்ம்ல இழுப்பாங்க.

மண்டபம்_நர்ஸக்கா:
ஊருக்குச் சொல்ல வேணாம் தம்பி, மாமாவுக்குச் சொல்லித்தான் ஆகணும். அம்மாவுக்கு அந்த ஜீன் மாத்தம் இருந்து, அது தாத்தா ஆச்சி வழியா வந்திருந்தா மாமாவுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆம்பளைக்கும் வரும், அவரு பிள்ளைகளுக்கும் போகும். பொண்ணு வீட்டுல கோளாறுன்னு அவுக எப்புடிப் பேசுவாக, ரெண்டும் ஒரே ரத்தம்தானே. இன்னொண்ணு, பிஆர்சிஏ ஜீன் ரெண்டுல பிஆர்சிஏ2ல மாத்தம் இருந்து அது தங்கச்சிகிட்டயும் மாப்பிள்ளகிட்டயும் இருந்துச்சுன்னா பிறக்குற பிள்ளைக்கு ஃபான்கோனி அனீமியாங்கிற, ரத்தம் ஊறுறதக் கெடுக்குற பிறவி நோய் வரலாம். பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஜெனடிக் கவுன்சிலர, அதான் ஜீன் நோய் பத்தி ஆலோசனை சொல்றவர, பாக்கட்டும். ஆனா யாருகிட்ட எப்ப சொல்லுறதுங்கிறத அம்மாதான் முடிவு பண்ணணும், நீங்க இல்ல.

தங்கச்சிமடம்காரன்:
நன்றிக்கா. ரிசல்ட் வரட்டும், அண்ணன்கிட்ட நானே பேசிக்கிறேன்னு அம்மா சொல்லிட்டாக. அத்தை என்ன சொல்லுவாகளோ, அதுதான் பயம். ஃபார்ம எடுத்துப் பாத்தா மச்சான் நம்பர்தான் இருக்கு, அவருதான் புக்கிங் போட்டாரு 😅 நாளைக்கே மாத்தச் சொல்லணும்.