பதில்: 'நொதிப்போலி' வேண்டாம், 'நொதிநிகரி' என்போம்

அனைவருக்கும் வணக்கம். நொதியைப் (என்சைம்) போல வினையை விரைவுபடுத்தும் நானோ அளவுத் துகள்களுக்கு, அதாவது ஆங்கிலத்தில் nanozyme என்பதற்கு, தமிழ்ப்பெயர் தேடும் இந்தப் பேச்சில் 'நொதிப்போலி', 'நானோநொதி', 'ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் துகள்' என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன; அவற்றுக்கு என் பதில் இது.

'நொதிப்போலி' என்று முன்பு எழுதிய ஐயா முன்வைத்த சொல்லில், இலக்கணப்போலி படித்தவர்களுக்குக் குறையே தெரியாது. ஆனால் இங்கே கும்பகோணத்தில் மருந்துக்கடை வாசலில் நிற்பவரிடம் போலி என்றால் போலி மருந்து, போலி டாக்டர், போலி விதை, இவைதான் நினைவுக்கு வரும். நாளைக்கு உடம்புக்குள் செலுத்தப்படக்கூடிய பொருளுக்கு இந்தப் பெயர் ஆகாது.

'நானோநொதி' சுருக்கமாக இருக்கிறது, சரி. நானோவை மீநுண் என்று மாற்றச் சொல்லமாட்டேன், நானோ யூரியா வந்தபிறகு டெல்டாவில் வயலுக்கு மருந்து அடிக்கிறவர் வாயிலேயே அந்தச் சொல் புழங்குகிறது. என் தயக்கமெல்லாம் நொதி என்ற பாதியில்தான். நொதி என்றால் புரதம் என்றுதான் பிள்ளைகள் படிக்கிறார்கள், இங்கே இருப்பதோ பெரும்பாலும் உலோக ஆக்சைடுத் துகள்கள். அதுவும் போக, இயற்கை நொதியே சில நானோமீட்டர் அளவுதானே, அப்புறம் எதை எதிலிருந்து பிரித்துச் சொல்கிறோம்?

'ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் துகள்' என்பதை அடியோடு மறுக்கிறேன். சீரியம் ஆக்சைடுத் துகளின் மேற்பரப்பில் சீரியம் +3, +4 என்ற இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகளில் மாறி மாறி நிற்கும். அதனால்தான் செல்லுக்குக் கேடு செய்யக்கூடிய ஆக்சிஜன் வடிவமான சூப்பராக்சைடை ஹைட்ரஜன் பெராக்சைடாக்கி, அதையும் நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிட்டு, தான் செலவாகாமல் மறுபடி வேலைக்கு வந்துவிடுகிறது. நம் செல்லில் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் என்ற இரண்டு நொதிகள் பங்கிட்டுச் செய்கிற வேலை இது. அழற்சிக்கு இதை மருந்தாக்கிப் பார்ப்பதும் இந்தக் குணத்தை நம்பித்தான். ஆனால் பெராக்சிடேஸ் (பெராக்சைடைக் கொண்டு வேறு பொருள்களை ஆக்சிஜனேற்றும் நொதி) போல வினைபுரிவதாக 2007-இல் சீன ஆய்வாளர்கள் காட்டிய இரும்பு ஆக்சைடு, அமிலச் சூழலில் கடுமையாக வினைபுரியும் ஹைட்ராக்சில் தனி உறுப்பை (free radical) உண்டாக்கி ஆக்சிஜனேற்றத்தைக் கூட்டிவிடும், பாக்டீரியாவைக் கொல்ல அதையே பயன்படுத்திப் பார்க்கிறார்கள். ஒரே குடும்பத்துக்குள் எதிரெதிர் வேலை இருக்கும்போது ஒருவரின் வேலையை எல்லோருக்கும் பெயராக வைக்க முடியாது.

ஆகவே 'நொதிநிகரி' என்பேன். புரதம் என்று சொல்லவில்லை, போலி என்று இழிக்கவும் இல்லை, வினையில் நிகர் என்று மட்டும் சொல்கிறது. நீட்டவும் எளிது: கேட்டலேஸ்நிகரி, பெராக்சிடேஸ்நிகரி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் 2014-இல் வெளியிட்ட வனேடியம் பென்டாக்சைடு நானோ இழை, குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ் என்ற நம் செல்லின் நொதியைப் போல வேலை செய்கிறது; அதைக் குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ்நிகரி என்றால் முடிந்தது.

oxidative stress என்பதற்கு வைத்திருக்கும் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' பற்றியும் ஒரு வார்த்தை. அழுத்தம் என்றதும் நோயாளி பிரஷர் மாத்திரையைத்தான் நினைப்பார். உடம்பு சமாளிக்கிற அளவைத் தாண்டி ஆக்சிஜனேற்றம் நடப்பதுதானே விஷயம், 'மிகை ஆக்சிஜனேற்றம்' என்றே வைக்கலாம். மருத்துவம் எழுதுகிறவர்களுக்கு இதில் தடை இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதற்குமுன் பேசிவிடுவோம்.