மூணு பிளக் வந்துடுச்சு, நாலாவது பாதில நின்னுடுச்சு, உடைஞ்சுடுமோன்னு பயமா இருக்கு

புதுக்கை:
வணக்கம் மக்களே, அவசரமா ஒரு உதவி. முதல் தடவையா நானே ஸ்பார்க் பிளக் மாத்தலாம்னு உக்காந்தேன். நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அலுமினிய ஹெட் (பிளக் மாட்டுற இன்ஜின் மேல்பாகம்), ஒவ்வொரு பிளக் மேலயும் தனி காயில் (பொறிக்குக் கரண்ட் தர்றது). வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு, நடுவுல மாத்துனதுக்கு பில்லு எதுவும் இல்ல, அதனால கம்பெனில போட்ட பிளக்காத்தான் இருக்கும். மொத மூணு கொஞ்சம் முரண்டு பிடிச்சு வந்துடுச்சு. நாலாவது கால் சுத்து சுலபமா திரும்புச்சு, அப்புறம் கெட்டியா நின்னுடுச்சு, கொஞ்சம் அழுத்துனா மணல அரைக்கிற மாதிரி நறநறன்னு ஒரு சத்தம், கேட்டதும் கைய எடுத்துட்டேன். ஸ்பானர் கைப்பிடில நீளமா ஒரு பைப்ப சொருகி ஒரே இழுப்பா இழுத்துடலாமா? இல்ல அப்படியே மூடிட்டு மெக்கானிக்கிட்ட போகவா?

ஓரமாநிக்கிறவன்:
பைப்ப மொதல்ல கீழ போடுங்க ஜி 😅

கரிக்கை:
தம்பி, சத்தம் கேட்டதும் நிறுத்துனீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை தப்பிச்சுது. என்ன நடக்குதுன்னா, பிளக்கோட அடி நுனி எரியுற அறைக்குள்ள இருக்கு இல்லையா, அந்தக் கடைசி மரைல கரி ஏறி கல்லு மாதிரி ஆகியிருக்கும். மேல இருக்குற மரை சுத்தம், அதனால கால் சுத்து ஈசியா வந்துச்சு. இப்ப அந்தக் கரி பிடிச்ச மரை ஹெட்டோட மரைக்குள்ள ஏறுது, அங்கதான் சிக்குது. இந்த நேரத்துல பலத்த காட்டுனா ரெண்டுல ஒண்ணுதான், பிளக்கு முறிஞ்சு அடிப்பாகம் உள்ளயே நிக்கும், இல்ல இரும்பு அலுமினியத்த உரிச்சுக்கிட்டு வெளிய வரும். ரெண்டாவதுதான் இன்னும் மோசம்.

செய்ய வேண்டியது இதுதான். வந்த கால் சுத்த திருப்பி உள்ளயே விடுங்க, ஆமா, டைட் பண்ற பக்கமா. காத்து அடிச்சு அந்தக் குழில இருக்குற தூசிய வெளியேத்துங்க, அப்புறம் துருவுக்குன்னே வர்ற பெனட்ரேட்டிங் ஆயில் ரெண்டு மூணு சொட்டு பிளக்கோட அடியில படுற மாதிரி விட்டுட்டு எந்திரிச்சு போயிடுங்க. ராத்திரி முழுக்க ஊறட்டும். காலைல இன்ஜின் நல்லா ஆறி இருக்கும்போது எட்டுல ஒரு சுத்து லூஸ் பண்ணுங்க, சிக்குதா, உடனே திருப்பி டைட் பண்ணுங்க, மறுபடி லூஸ், மறுபடி டைட். ஒவ்வொரு தடவையும் முன்ன விட ஒரு மயிரிழை கூட வரும். நடுவுல ஒரு சொட்டு எண்ணெய். ஒரு பிளக்குக்கு ஒரு மணி நேரம் ஆனாலும் பரவால்ல, நான் ஒண்ணுக்கு ரெண்டு நாள் உக்காந்திருக்கேன்.

இன்னொண்ணு, எக்ஸ்டென்ஷன் (சாக்கெட்டுக்கும் கைப்பிடிக்கும் நடுவுல வர்ற நீளக் கம்பி) சாயாம பாத்துக்கோங்க. வெள்ளைப் பீங்கான் உடையறது பலத்தால இல்ல, சாய்வால. ஒரு கை ராச்செட் (சாக்கெட்ட சுத்துற கைப்பிடி) தலைய அழுத்தி நேரா பிடிக்கணும், இன்னொரு கை மட்டும் சுத்தணும்.

பழையவண்டி:
எனக்குத் தெரிஞ்சு இன்ஜின நல்லா சூடு பண்ணிட்டு கழட்டுனா சட்டுனு வந்துடும். அலுமினியம் இரும்ப விட அதிகமா விரியும்ல, மரை தானா லூஸ் ஆகும். நான் எப்பவும் அப்படித்தான்.

கரிக்கை:
அண்ணே, விரியுற கணக்கு சரிதான், ஆனா கொதிக்கிற அலுமினியம் மெத்துன்னு இருக்கும், கரி பிடிச்ச பிளக்கு அந்த நேரத்துல மரைய வழிச்சு எடுத்துட்டு வந்துடும். மேனுவல்ல எல்லாம் இன்ஜின் ஆறுனப்புறம் கழட்டச் சொல்றது அதுக்குத்தான். எல்லாம் பண்ணியும் அசையலன்னா கடைசியா லேசா வெதுவெதுப்பா, கைய வச்சா பொறுக்குற சூட்டுல முயற்சி பண்ணலாம், அதுக்கு மேல வேணாம்.

ஒருதடவைபட்டவள்:
சாய்வு பத்தி அண்ணன் சொன்னது நூத்துக்கு நூறு. எனக்கு பின்னாடி சிலிண்டர்ல சாக்கெட் பாதிதான் ஏறியிருந்துது, நான் கவனிக்கல, ஒரு திருகு, டிக்குனு சின்னதா ஒரு சத்தம். சாக்கெட்ட தூக்குனா உள்ள ரப்பருக்குள்ள பீங்கான் துண்டு வெள்ளையா உக்காந்திருக்கு. அழுகையே வந்துடுச்சு. ஆனா அறுகோண இரும்பு உடம்பு அப்படியே இருந்துது, அதனால பிளக்க தொடவே இல்ல, வேக்குவம் கிளீனர்ல ஒரு மெல்லிசு டியூப டேப் போட்டு ஒட்டி குழில இருந்த சில்லு எல்லாத்தையும் உறிஞ்சி எடுத்துட்டுத்தான் நீளமான சாதா சாக்கெட் போட்டு கழட்டுனேன். அவசரப்பட்டு மொதல்லயே கழட்டியிருந்தா அந்த சில்லு சிலிண்டருக்குள்ள விழுந்து சுவரக் கீறியிருக்கும். பீங்கான் உடைஞ்சா முடிஞ்சு போச்சுன்னு இல்ல, மரை முறிஞ்சாத்தான் எக்ஸ்ட்ராக்டர் (உள்ள நிக்கிற துண்ட எடுக்குற கருவி), ஹெலிகாயில் (கெட்ட மரைக்குப் பதிலா போடுற கம்பிச் சுருள் மரை)னு போகணும்.

புதுக்கை:
வந்துடுச்சு!!! நேத்து ராத்திரி எண்ணெய் விட்டேன், காலைல முக்கா மணி நேரம் முன்னயும் பின்னயும் ஆட்டி ஆட்டி, ஒரு கட்டத்துல சட்டுனு இளகி கையாலயே சுத்துற அளவுக்கு வந்துடுச்சு. கடைசி ரெண்டு மரை கறுப்பா தார் பூசுன மாதிரி இருக்கு, மரைல அலுமினியத் தூள் எதுவும் ஒட்டல. இப்ப புதுசு போடப் போறேன், இரிடியம். மரைல ஆன்டி சீஸ் (மரை ஒட்டிப் பிடிக்காம இருக்கத் தடவுற பசை) தடவவா, அடுத்த தடவை இந்தக் கூத்து வேணாம் பாருங்க. டார்க், அதாவது இறுக்குற அளவு, எவ்வளவு?

கரிக்கை:
சபாஷ். மொதல்ல உள்ள போன எண்ணெய வெளியேத்தணும், ஃப்யூவல் பம்ப் ஃப்யூஸ எடுத்துட்டு, காயில் கனெக்டர் எல்லாம் கழண்டே இருக்கட்டும், பிளக் குழி மேல ஒரு துணியப் போட்டு ரெண்டு செகண்ட் செல்ஃப் அடிங்க, துப்பிடும்.

ஆன்டி சீஸ் வேணாம். இப்ப வர்ற பிளக்குல மரைக்கு மேல பூச்சு போட்டே வருது, பிளக் கம்பெனி என்ஜிகே கூட தடவ வேணாம்னுதான் சொல்றான். தடவுனா மரை வழுக்கும், டார்க் ரெஞ்ச் காட்டுற நம்பர் சரியா இருந்தாலும் உள்ள அதுக்கு மேல இறுகிடும்.

டார்க் உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான். பொதுவா அலுமினிய ஹெட்ல வாஷர் வச்ச 14 மில்லி மரைன்னா 25ல இருந்து 30 நியூட்டன் மீட்டர், 12 மில்லின்னா 15ல இருந்து 20. ரெஞ்ச் இல்லன்னா, கையால முட்டுற வரைக்கும் சுத்திட்டு அதுக்கு மேல அரை சுத்துல இருந்து முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி வரைக்கும், அந்த வாஷர் நசுங்குறது கைக்கே தெரியும். வாஷர் இல்லாத கூம்பு அடி பிளக்குன்னா இந்தக் கணக்கு போடாதீங்க, அதுக்கு பதினாறுல ஒரு சுத்து போதும்.

ஆரம்பத்துல ராச்செட்ட தொடவே தொடாதீங்க. ஒரு ரப்பர் டியூப பிளக்கு தலைல சொருகி விரலால சுத்துங்க, மரை குறுக்க ஏறுனா டியூப் வழுக்கிடும், ஹெட்டு தப்பிக்கும்.

ஒருதடவைபட்டவள்:
இரிடியம்னா கேப் (பொறி தாவுற இடைவெளி) செக் பண்றேன்னு நடுக் கம்பி மேல கேஜ அழுத்தாதீங்க, நுனி ஊசி மாதிரி இருக்கும், பட்டுனு போயிடும். கம்பி கேஜ்ல பட்டும் படாம பாத்துட்டு விட்டுடுங்க. கீழ போட்ட பிளக்க மறுபடி போடாதீங்க.

புதுக்கை:
நாலும் போட்டாச்சு, ஸ்டார்ட் பண்ணுனதும் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து நின்னுடுச்சு, ஐடில் நடுக்கமும் இல்ல. ஒரே ஒரு சந்தேகம், மூணாவது காயிலோட ரப்பர் உறை (பூட்) நுனில எண்ணெய் பிசுபிசுன்னு இருந்துது, அது நான் விட்டது இல்லையே?

கரிக்கை:
அது இன்ஜின் ஆயில், மேல வால்வ் கவர்ல இருக்குற பிளக் டியூப் சீல் (பிளக் குழியச் சுத்தி இருக்குற ரப்பர் வளையம்) கசியுது. அந்த ரப்பர் உறைய துடைச்சுட்டு போட்டீங்கல்ல? இப்போதைக்கு ஓட்டலாம், ஆனா எண்ணெய்ல ஊறுனா ரப்பர் உப்பிப் போய் மிஸ் ஃபயர் ஆரம்பிக்கும். கவர் கேஸ்கெட்டும் சீலும் சேத்து மாத்திடுங்க, அது தனி பதிவு போட்டு கேளுங்க, சொல்றேன்.