கன்வெர்டிபிள், கூப்பே வாங்கப் போனபோது நீங்கள் கண்டது என்ன?

லண்டன், ஹாரோவிலிருந்து

பழைய கன்வெர்டிபிள், அதாவது கூரையைத் திறந்து மூடும் கார், வாங்கலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள். எஞ்சினில் கோளாறு என்றால் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். கூரை வழியாக இறங்கிய தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கும். அதற்குள் ஒயரிங் பச்சை பிடித்து, கூரையை இயக்கும் பம்பும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளும் கெட்டுப்போகும்.

எனக்காகவும் நண்பர்களுக்காகவும் மெர்சிடிஸ் சிஎல்கே, பிஎம்டபிள்யூ 3 சீரிஸ், ஆடி ஏ5 என்று இந்த நடுத்தர அளவு சொகுசு வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாட்ஃபோர்டு பக்கம் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். கருநீல வண்டி, கிரீம் நிறத் தோல் இருக்கை. பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது. டிரைவர் பக்கக் கம்பளம் நன்றாகக் காய்ந்திருந்தது. முன் இருக்கையை நகர்த்தி, பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கும் இடத்தில் டிஷ்யூ பேப்பரை மடித்து வைத்து முட்டியால் அழுத்தினேன். எடுத்துப் பார்த்தால் தேநீர் நிறத்தில் ஈரம். "நேற்றுத்தான் உள்ளே ஷாம்பூ போட்டுக் கழுவினோம்" என்றார் விற்பவர். சரி என்று பின்பக்கம் போய் டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கினேன். ஜாக் வைக்கும் குழியைச் சுற்றி, தண்ணீர் நின்ற மட்டத்தில் ஒரு துருக்கோடு. ஒரு நாள் ஷாம்பூ அப்படிக் கோடு போடாது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இது ஏன் நடக்கிறது என்றால், துணிக்கூரையானாலும் உலோகக் கூரையானாலும் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். அதைப் பிடித்து, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெளியே விட வடிகால் குழாய்கள் வைத்திருக்கிறார்கள். மரத்தடியில் நிற்கும் வண்டியில் இலையும் மண்ணும் சேர்ந்து அந்தக் குழாயை அடைத்துவிடும். அப்புறம் தண்ணீருக்கு வேறு வழி இல்லை, உள்ளேதான் வரும். அதனால் மழை நாளில் பார்க்கப் போவது நல்லது. வெயில் நாளில் எல்லாக் கூரையும் நன்றாகத்தான் இருக்கும்.

கூரையை ஒரு தடவை திறந்து மூடிக் காட்டினால் போதாது. எஞ்சினை ஓட விட்டு, இரண்டு தடவை தொடர்ந்து இயக்கச் சொல்லுங்கள். இடமும் வலமும் ஒரே வேகத்தில் எழும்புகிறதா, நடுவில் திணறுகிறதா, கடைசியில் கொக்கி தானாகப் பூட்டுகிறதா என்று வெளியே நின்று பாருங்கள். முடிந்ததும் கீல்களைச் சுற்றி எண்ணெய்ப் பசை இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். முதல் தலைமுறை சிஎல்கே கேப்ரியோலேயில் (கன்வெர்டிபிளுக்கு மெர்சிடிஸ் வைத்த பெயர்) முன் கண்ணாடிக்கு மேலே உள்ள பூட்டு சிலிண்டரின் சீல் வயதானால் கசியும். ஹைட்ராலிக் எண்ணெய், பின்னால் வருவதைப் பார்க்கும் உள் கண்ணாடி பக்கமாகச் சொட்டும். சன் வைசரில் கறை இருந்தால் அதுதான் காரணம்.

"கூரை வேலை செய்யவில்லை, வெறும் ஸ்விட்ச்தான் போயிருக்கிறது" என்று சொல்வார்கள். வெறும் ஸ்விட்ச் என்றால் விற்பவரே மாற்றிவிட்டு இன்னும் கூடுதல் விலை கேட்டிருப்பார். ஆனால் ஒன்று: டிக்கிக்குள் மடித்த கூரைக்கும் சாமானுக்கும் நடுவில் இருக்கும் தடுப்பை இழுத்துப் பூட்டாவிட்டால் பல வண்டிகளில் கூரை அசையவே அசையாது. முதலில் அதைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பதிவு எண்ணைப் போட்டால் அரசாங்கத் தளத்தில் எம்ஓடி (வருடாந்திர வண்டித் தகுதிச் சோதனை) வரலாறு இலவசமாகக் கிடைக்கும். பாஸா ஃபெயிலா என்பதோடு நிற்காமல் சோதித்தவர் எச்சரிக்கையாக எழுதும் அட்வைசரி வரிகளை வருடவாரியாகப் படியுங்கள். ஒரே துரு மூன்று வருடம் தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால் ஓனர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். பதிவான தேதியையும் பாருங்கள். கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமில வாயு விடும் கார் 2006 மார்ச் 23க்கு முன் பதிவாகியிருந்தால் வருடாந்திர வண்டி வரி கே என்ற பிரிவோடு நின்றுவிடும். அதற்குப் பிறகு என்றால் எல், எம் பிரிவுக்குப் போய்விடும். ஒரே மாடல், ஒரே எஞ்சின், சில வார வித்தியாசம்தான். ஆனால் வருடா வருடம் சில நூறு பவுண்டு கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும்.

டொராண்டோவிலிருந்து

ஹாரோ அண்ணா மேலிருந்து வரும் தண்ணீரைச் சொன்னார். எங்களுக்குக் கீழிருந்து வரும் உப்புத்தான் பிரச்சினை. பனிக்காலம் முழுக்க ரோட்டில் உப்புப் போடுவதால் மேலே பளபளவென்று இருக்கும் கூப்பே (கூரை திறக்காத இரண்டு கதவு கார்) அடியில் உதிர்ந்துகொண்டிருக்கும். அதனால் மெக்கானிக்கைக் கூட்டிப் போய் வண்டியை ஹாய்ஸ்டில் ஏற்றிப் பார்க்காமல் நான் விலையே பேசுவதில்லை. ஒரு வண்டியின் அடிப்பக்கம் முழுக்கப் புதுசாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தார்கள். ஓனர் அதைப் பெருமையாகக் காட்டினார். என் மெக்கானிக் ஜாக் வைக்கும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் லேசாகக் குத்தினார். பூச்சோடு சேர்ந்து தகடும் செதிலாகக் கையில் வந்தது. பழைய வண்டியில் புதுப் பூச்சைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. உண்மையில் பராமரித்த வண்டியில் வருடா வருடம் அடித்த பழைய எண்ணெய்ப் படலம் தெரியும்.

ஒன்டாரியோவில் தனியாரிடம் வாங்கினால், பழைய வண்டித் தகவல் தொகுப்பை விற்பவர்தான் எடுத்துத் தரவேண்டும், சட்டம் அப்படி. அதில் முந்தைய ஓனர்களும், வண்டிமேல் கடன் பாக்கி இருக்கிறதா என்பதும் இருக்கும். கடன் இருந்தால் அது வண்டியோடு சேர்ந்து உங்கள் தலையில் விழும். "பிறகு தருகிறேன்" என்றால் காத்திருங்கள், முன்பணம் கொடுக்காதீர்கள்.

பிஎம்டபிள்யூ 3 சீரிஸில் 335i மாடலைத் தேடுகிறவர்களுக்கு: உயர் அழுத்த எரிபொருள் பம்புக்காக 2010இல் அமெரிக்காவில் சுமார் 1,30,000 பிஎம்டபிள்யூ வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள், 335i-இன் எஞ்சினும் அதில் உண்டு. பம்ப் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள், நெடுநேரம் சுற்றித்தான் பிடிக்கிறது என்றால் காரணம் இருக்கும். நான் போய் இறங்கியதும் கையை பானட்மேல் வைப்பேன். சூடாக இருந்தால், ஆறட்டும், சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

லண்டன், ஈஸ்ட் ஹாமிலிருந்து

அண்ணாமார் இரண்டு பேரும் பின் இருக்கையை மறந்துவிட்டீர்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். இங்கே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளை இருக்கை கட்டாயம். மெர்சிடிஸ் ஈ கிளாஸ் கூப்பே பார்க்கப் போனபோது எங்கள் இரண்டு இருக்கையையும் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பார்த்தேன். பொருந்தியது. ஆனால் சின்னவளைத் தூக்கி உள்ளே வைக்க இடுப்பை வளைத்து முன் இருக்கைக்கும் கதவு வாசலின் பின் ஓரத்துக்கும் நடுவில் நுழைய வேண்டியிருந்தது. பிறகு ஓனரிடம் கேட்டு வண்டியை சூப்பர்மார்க்கெட் பார்க்கிங்குக்கு ஓட்டிப் போனோம். இரண்டு பக்கமும் கார் நிற்க, நீளமான அந்தக் கதவு பாதிக்கு மேல் திறக்கவில்லை. தினமும் பள்ளிக்கூட வாசலில் இதைச் செய்ய முடியாது என்று அங்கேயே முடிவு தெரிந்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்தவர்களுக்கு அது அருமையான வண்டி, அதையும் சொல்ல வேண்டும். ஜன்னல் நான்கையும் இறக்கினால் நடுவில் தூணே இல்லாமல் ஒரே வெளியாக இருக்கும்.

கோலாலம்பூரிலிருந்து

எங்கள் பக்கம் ஜப்பானிலிருந்து வரும் ரீகான் காடிகள் (அங்கே ஓட்டிய பழைய கார்கள்) அதிகம். அதற்கு ஏலத் தாள் உண்டு, ஏலத்தில் விடும் முன் காடியைச் சோதித்து எழுதியது, அதைக் கேட்டு வாங்குங்கள். 4, 4.5 என்று தரம் போட்டிருக்கும். ஆர் என்று இருந்தால் விபத்தில் பழுது பார்த்த காடி. கீழே காடியின் படத்தில் எழுத்துகள் இருக்கும்: ஏ என்றால் கீறல், யூ என்றால் பள்ளம், டபிள்யூ என்றால் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்த இடம், எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். தாளில் உள்ள கிலோமீட்டரையும் மீட்டரில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தாளே இல்லை என்று சொல்லும் விற்பனையாளரிடம் நான் மேற்கொண்டு பேசுவதில்லை.

இன்னொன்று, மோசமான ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். கூரை இல்லாத உடம்பு முறுக்கிக்கொள்ளும். கூரையைத் திறந்துவிட்டு, பட்டறை வாசல் மாதிரிக் குண்டும் குழியுமான இடத்தில் மெதுவாகப் போகும்போது உள் கண்ணாடியைப் பாருங்கள். பின்னால் வரும் காடியின் உருவம் கலங்கினால் முன் கண்ணாடிச் சட்டமே ஆடுகிறது என்று அர்த்தம். கொஞ்சம் ஆட்டம் எல்லாவற்றிலும் உண்டு. கதவு ரப்பரும் கீச்கீச்சென்று கத்தினால் யோசியுங்கள். உலோகக் கூரை உள்ள 3 சீரிஸ் கன்வெர்டிபிள் அதே கூப்பேயைவிட ஏறக்குறைய 200 கிலோ கூடுதல், வளைவில் அந்தக் கனம் தெரியும். கூரையை மடித்தால் டிக்கி 350 லிட்டரிலிருந்து 210க்கு இறங்கிவிடும். ஊருக்குப் போகும் பையைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள்.

சென்னையிலிருந்து

இங்கே புதிதாகப் பார்த்த ஒன்று: 2024 ஆகஸ்டில் 1.10 கோடி ரூபாய் ஷோரூம் விலையில் வந்த மெர்சிடிஸ் சிஎல்ஈ 300 கேப்ரியோலே. துணிக்கூரை 20 விநாடியில் திறக்கிறது, 60 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்கலாம். ஷோரூம் ஏசிக்குள் எல்லாம் சுகமாகத்தான் இருந்தது. நான் மே மாதம் மத்தியானம் டெஸ்ட் டிரைவ் கேட்டு வாங்கினேன். கூரையை மூடிக்கொண்டு வெயிலில் நிறுத்தி, திரும்ப ஏறி, ஏசி எவ்வளவு நேரத்தில் குளிர்விக்கிறது என்று பார்த்தேன். நன்றாகவே செய்தது. கூரை திறந்து ஓட்ட நமக்கு அதிகாலையும் இரவும்தான். ஈசிஆர் சாலையில் விடியற்காலை ஓட்டினால் காசு எங்கே போனது என்று புரியும். வாங்குவதற்கு முன் உங்கள் தெரு வேகத்தடையில் ஒருமுறை ஏற்றி இறக்கிவிடுங்கள்.

மறுபடி ஹாரோவிலிருந்து

தனிமடலில் இரண்டு பேர் கேட்டார்கள், டீலரிடமா தனியாரிடமா என்று. இங்கிலாந்தில் டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பெரிய கோளாறு இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். அந்த 30 நாளுக்குள் வண்டியை மழையில் வெளியே விட்டு வையுங்கள், நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள், கூரையைத் தினமும் இயக்குங்கள். தனியாரிடம் அந்த உரிமை இல்லை, வண்டி அவர் சொன்னபடி இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். அதனால் விளம்பரத்தில் "கூரை நன்றாக வேலை செய்கிறது" என்று எழுதியிருந்தால் பணம் கொடுக்கும் முன் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்றதும் விளம்பரத்தை எடுத்துவிடுவார்கள்.

லண்டனுக்குள் ஓட்டுகிறவர்கள் யூலெஸ் (புகை அதிகம் விடும் வண்டிக்குக் கட்டணம் வாங்கும் மண்டலம்) விதியையும் பதிவு எண்ணை வைத்துச் சரிபார்த்துவிடுங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் எல்லா வட்டாரத்துக்கும் வந்துவிட்டது. பெட்ரோல் வண்டி யூரோ 4, டீசல் யூரோ 6 தரத்தில் இல்லாவிட்டால் ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு.