கிளவுடில் உள்ள படங்கள் எடிட்டிங் ஆப்பில் வரவில்லை, அவசரம்

முல்லைக்கொடி:
வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மறுநாள் ஊர் மண்டபத்தில் திரையில் போட ஒரு வீடியோ செய்கிறேன். பழைய படங்களும் வீடியோக்களும் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பில், இருக்கின்றன. போனில் திறந்தால் எல்லாம் தெரிகிறது. ஆனால் எடிட்டிங் ஆப்பில் இம்போர்ட் கொடுத்தால் அண்மையில் எடுத்தவை மட்டும்தான் வருகின்றன. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போட்டும் பார்த்தாயிற்று. யாராவது உடனே சொல்லுங்கள்.

உப்பளத்தான்:
எந்த கிளவுட்? கூகுள் போட்டோஸா, ஐகிளவுடா, ஒன்டிரைவா? போன் ஆண்ட்ராய்டா, ஐபோனா? கணினி கைவசம் இருக்கிறதா? இது தெரியாமல் என்ன சொன்னாலும் குத்துமதிப்புதான்.

கோடெக்_காவலன்:
ஹெச்இவிசி பிரச்சினையாகத்தான் இருக்கும். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் ஒரு முறை (கோடெக்) அது, ஹெச்.265 என்றும் சொல்வார்கள். அப்படிப் பதிவான வீடியோவைப் பல ஆப்கள் ஏற்காது. எல்லாவற்றையும் பழைய முறையான ஹெச்.264-க்கு மாற்றுங்கள்.

பின்னிரவு:
போட்டோவும் வரவில்லை என்கிறார், இதில் கோடெக் எங்கே வந்தது? அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14-இல் ஒரு ஆப்புக்குத் தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் காட்டலாம். அதைத் தொட்டிருந்தால் மீதி எதுவும் ஆப்பின் கண்ணில் படாது.

ரெண்டர்_ராஜா:
இதே கேள்வி எத்தனை முறைதான் வரும்? கேட்பதற்கு முன் கொஞ்சம் தேடிப் பார்க்கலாமே. போனில் தெரிவதெல்லாம் போனில் இருப்பதாக நினைக்கக் கூடாது. அடிப்படை தெரியாமல் எடிட்டிங்கில் இறங்கினால் இப்படித்தான்.

உப்பளத்தான்:
ராஜா சார், விஷயம் சரிதான். வீட்டு விசேஷ அவசரத்தில் வந்திருக்கிறார், கொஞ்சம் பொறுமையாகச் சொல்லலாமே.

முல்லைக்கொடி:
மன்னிக்கவும், கடைக்குப் போயிருந்தேன். ஆண்ட்ராய்டு, கூகுள் போட்டோஸ். அனுமதி எல்லாப் படங்களுக்கும் என்றுதான் இருக்கிறது. மடிக்கணினி இருக்கிறது. அப்புறம் ஒன்று, போன மாதம் போனில் இடம் இல்லை என்று அக்கா மகன் ஏதோ அழுத்திச் சுத்தம் செய்து கொடுத்தான். அதனால் இருக்குமோ?

உப்பளத்தான்:
அதேதான். போட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுத்திருப்பார். பேக்கப் ஆன படங்களைப் போனிலிருந்து அது அழித்துவிடும். நீங்கள் இப்போது பார்ப்பது கூகுள் சர்வரில் இருக்கும் பிரதி. பயப்பட வேண்டாம், எதுவும் போய்விடவில்லை. ஒரு பழைய படத்தைத் திறந்து மேலே தள்ளுங்கள். விவரத்தில் பேக்கப் ஆனது என்பது மட்டும் இருந்து, போனில் எந்த ஃபோல்டர் என்ற வரி இல்லாவிட்டால், அது போனில் இல்லை. உங்கள் எடிட்டர் போனின் சேமிப்பில் உள்ளதை மட்டுமே படிக்கிறது.

மடிக்கணினியில் கூகுள் போட்டோஸ் தளத்தைத் திறந்து, வேண்டியவற்றைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட், டி இரண்டையும் சேர்த்து அழுத்துங்கள். மொத்தமாக ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி இறங்கும். அதைப் பிரித்து, யூஎஸ்பி கேபிளில் போனின் கேமரா படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டருக்குள் போடுங்கள். முதலில் போனில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவை எக்ஸ்போர்ட் செய்து முடிக்கும்வரை அந்த ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ வேண்டாம். பெரும்பாலான எடிட்டர்கள் கோப்பு இருக்கும் இடத்தைத்தான் நினைவில் வைக்கும், கோப்பைத் தனக்குள் எடுத்து வைக்காது.

தெற்குவாசல்:
இவ்வளவு எதற்கு? வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பிக்கொண்டால் போனிலேயே சேமிக்கலாமே.

பின்னிரவு:
ஐயோ, வேண்டாம். சும்மா அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதியும் அழிந்துவிடும். மண்டபத் திரையில் முகமெல்லாம் கலங்கித் தெரியும். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் டாக்குமென்டாக அனுப்ப வேண்டும்.

ரெண்டர்_ராஜா:
கூகுளிலேயே இடம் மிச்சப்படுத்தச் சுருக்கிச் சேமிக்கும் 'ஸ்டோரேஜ் சேவர்' போட்டிருந்தால் ஏற்கெனவே சுருங்கித்தான் இருக்கும். இதற்காகத்தான் எல்லாவற்றையும் ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

தெற்குவாசல்:
'ஸ்டோரேஜ் சேவர்' வீடியோவை 1080பி தெளிவுக்குத்தான் இறக்கும், போட்டோவின் மெகாபிக்சலை 16-ஐத் தாண்டினால்தான் குறைக்கும். மண்டபத் திரைக்கு அது தாராளம். ஹார்டு டிஸ்க்கும் ஒருநாள் படுத்துவிடும். எங்கள் வீட்டுக் கல்யாண ஆல்பம் அப்படித்தான் போயிற்று.

ரெண்டர்_ராஜா:
ஒரே டிஸ்க்கில் வைத்தால் போகத்தான் செய்யும். இரண்டில் வைக்க வேண்டும். 2021 ஜூனுக்கு முன்பு அளவில்லாமல் இலவசம் என்று எல்லாரும் கொண்டுபோய்க் கொட்டினீர்கள். இப்போது 15 ஜிபி, அதையும் ஜிமெயிலோடு பங்கு போட வேண்டும்.

கோடெக்_காவலன்:
இலவசமோ காசோ, இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒன்று கிளவுடாகவே இருக்கட்டும். இதற்கு ஏன் சண்டை?

முல்லைக்கொடி:
இறங்கிவிட்டது! படங்கள் எல்லாம் ஆப்பில் தெரிகின்றன. ஒரே ஒரு வீடியோ மட்டும் தகராறு. பாட்டி அப்பாவைப் பற்றிப் பேசியது, தம்பியின் ஐபோனில் எடுத்தது. சத்தம் கேட்கிறது, படம் கறுப்பாக இருக்கிறது. பாட்டி இப்போது இல்லை, அதனால் அதை விட மனமில்லை.

கோடெக்_காவலன்:
இதுதான் நான் சொன்ன ஹெச்இவிசி. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன் அப்படித்தான் பதிவு செய்கிறது. மடிக்கணினியில் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளைப் போடுங்கள், இலவசம்தான். அதில் 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார் அமைப்பை எடுத்து, வீடியோ பக்கத்தில் ஹெச்.264 என்றும் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்றும் வையுங்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பது, ஏறி இறங்கும், போகப் போக உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்றாகிவிடும். பாட்டியின் குரலுக்கு அப்படி ஆகக் கூடாது. மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.

முல்லைக்கொடி:
மாற்றிப் போட்டேன், படம் வருகிறது, குரலும் சேர்ந்தே வருகிறது. எல்லாருக்கும் நன்றி. எடிட் பண்ணப் போகிறேன்.