உதவி: கிளவுட் ஃபயர்வால் போட்டதிலிருந்து 403, பாதி ஆர்டர் வரவில்லை (அவசரம்)

புத்தகக்கடை_தம்பி
வணக்கம். எங்கள் சைட்டுக்கு இந்த வாரம்தான் கிளவுட் வாஃப் (சைட்டுக்கு முன்னால் நின்று வரும் ரெக்வெஸ்ட்களைச் சோதிக்கும் ஃபயர்வால்) போட்டோம். அன்றிலிருந்து ஆர்டர் போடும் பாதிப் பேருக்கு 403 (அனுமதி இல்லை என்ற எரர்) வருகிறது, மீதிப் பேருக்குச் சரியாகப் போகிறது. வாஃபை அணைத்தால் எல்லாம் ஓடுகிறது. ஆனால் அணைக்க முடியாது. லாகின் பக்கத்தில் யாரோ பாட் (தானாக ஓடும் புரோகிராம்) விட்டு ராத்திரி முழுக்க பாஸ்வேர்டு அடித்துப் பார்த்ததால் முதலாளி பயந்துபோயிருக்கிறார். யாராவது சீக்கிரம் சொல்லுங்கள்.

நெல்லை_சர்வர்
எந்த ரூல் செட் ஓடுகிறது? சைட் எதில் எழுதியது? 403 தருவது வாஃபா, உங்கள் சர்வரா? வாஃப் லாகில் ரூல் எண் இருக்கும், அதைப் போடுங்கள். "பாதிப் பேர்" என்றால் எந்தப் பாதி?

ரூட்டர்_ராணி
எனக்கு ஃபெயில்2பேன் (தப்பான லாகின் வரும் ஐபியைச் சர்வரிலேயே தடுக்கும் புரோகிராம்) மேல்தான் சந்தேகம். வாஃப் முன்னால் வந்துவிட்டால் உங்கள் சர்வருக்கு எல்லோருமே வாஃபின் ஐபியிலிருந்து வருவதாகத்தான் தெரியும். ஒருவன் தப்பான பாஸ்வேர்டு அடித்தால் அந்த ஐபியையே தடுத்துவிடும், அதே வழியாக வரும் நல்ல வாடிக்கையாளரும் சேர்ந்து மாட்டுவார். உங்கள் வெப் சர்வர் என்ஜின்எக்ஸ் என்றால் அதில் ரியல் ஐபி மாட்யூலைப் போடுங்கள். வந்தவரின் உண்மையான ஐபியைச் சொல்லும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரை வாஃப் ஐபிகளிடமிருந்து வந்தால் மட்டும் நம்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் பொய் ஐபி அனுப்பலாம்.

நெல்லை_சர்வர்
அக்கா, அப்படித் தடுத்தால் வாஃபால் சர்வரைத் தொட முடியாமல் 5-ல் தொடங்கும் எரர்தான் வரும். இது 403.

பழைய_அட்மின்
இந்தக் கேள்வி இங்கே எத்தனை தடவை வந்திருக்கிறது? தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கும் பழக்கமே போய்விட்டது. புது வாஃபை எடுத்ததும் பிளாக் மோடில் போடுவது அடிப்படை தெரியாதவர்கள் செய்யும் வேலை. லாக் மட்டும் எழுதும் மோடில் கொஞ்ச நாள் ஓடவிட்டு, எது தப்பாக மாட்டுகிறது என்று பார்த்த பிறகுதான் தடுக்கச் சொல்ல வேண்டும். அது போகட்டும், சைட்டில் பிரிபேர்டு ஸ்டேட்மென்ட் (அடித்ததைக் கட்டளையோடு கலக்காமல் தனியாக டேட்டாபேஸுக்கு அனுப்பும் முறை) ஒழுங்காக எழுதியிருந்தால், ஃபார்ம் வழியாக டேட்டாபேஸ் கட்டளையை நுழைக்கும் எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு வாஃபே தேவையில்லை.

பேட்ச்_பாண்டி
அப்படி ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் சார். 2021 டிசம்பரில் லாக்4ஷெல் என்ற ஓட்டை வந்தபோது எந்தெந்த சாஃப்ட்வேருக்குள் லாக்4ஜே (அந்த ஓட்டை இருந்த, லாக் எழுதும் ஜாவா லைப்ரரி) இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே பல இடங்களில் நாள் கணக்கில் ஆனது. அதுவரை தாக்குப்பிடிக்க வாஃப் ரூல்தான் கைகொடுத்தது.

பழைய_அட்மின்
கைகொடுத்ததா? அந்தத் தாக்குதலில் வரும் ஜேஎன்டிஐ என்ற சொல்லை ரூலில் தடுத்தார்கள். உடனே எழுத்து எழுத்தாகப் பிரித்து அனுப்ப ஆரம்பித்தார்கள், ரூலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. அப்புறம் 2019 ஜூலை 2 ஞாபகம் இருக்கிறதா? வாஃப் ரூலில் ஒரேயொரு மோசமான ரெக்எக்ஸ் (எழுத்து வடிவத்தைத் தேடும் வாய்பாடு). கிளவுட் வாஃப் தரும் கிளவுட்ஃப்ளேரின் சர்வர்கள் உலகம் முழுக்க சிபியு 100 சதவீதம் போய், 27 நிமிடம் அவர்களுக்குப் பின்னால் இருந்த சைட்டெல்லாம் படுத்துவிட்டன.

பேட்ச்_பாண்டி
என்ன நடந்தது, எந்த ரெக்எக்ஸ் என்று அவர்களே விரிவாக எழுதி வெளியிட்டார்கள், அதனால்தான் உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. ரூல் தப்பானால் ரூலைத் திருத்த வேண்டும். ஓட்டையை அடைக்கும் பேட்ச் போட எல்லோரிடமும் உங்களைப் போல ஆள் இல்லை சார், சின்னக் கடைக்காரர் என்ன செய்வார்?

ரூட்டர்_ராணி
இந்தச் சண்டைக்குத் தனி இழை திறங்கள். தம்பி எங்கே?

புத்தகக்கடை_தம்பி
மன்னிக்கவும், கடையில் கூட்டம். ஓவாஸ்ப் கோர் ரூல் செட் (வாஃபுக்கான பொது ரூல் தொகுப்பு). பிஎச்பி சைட். ஃபெயில்2பேன் இல்லை. பரனோயா லெவல் (எவ்வளவு கெடுபிடி என்ற அளவு) 1 முதல் 4 வரை இருந்தது, கூடுதல் பாதுகாப்பு என்று முதலாளி 3 வைக்கச் சொன்னார். லாகில் எல்லாவற்றுக்கும் 949110 என்றே வருகிறது. அந்த ரூலை எடுத்துவிடட்டுமா?

நெல்லை_சர்வர்
எடுக்கவே கூடாது! ஒவ்வொரு ரூலும் சந்தேகப்பட்டால் மார்க் போடும். 949110 என்பது அந்த மார்க்கைக் கூட்டிப் பார்த்துத் தடுக்கும் கடைசி ரூல். அதை எடுத்தால் வாஃப் எதையுமே தடுக்காது. அதே ரெக்வெஸ்டுக்கு அதற்கு மேலே வேறு வரிகள் இருக்கும், அந்த எண்கள்தான் வேண்டும். மாட்டியவர்கள் ஃபார்மில் என்ன அடித்தார்கள் என்பதும் வேண்டும்.

புத்தகக்கடை_தம்பி
920272, 942460. அடித்தது பெயரும் முகவரியும்தான், வேறொன்றுமில்லை. தமிழ்ப் புத்தகக் கடை, நிறையப் பேர் தமிழில்தான் அடிப்பார்கள்.

நெல்லை_சர்வர்
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே!

920272 லெவல் 3-ல்தான் உயிர்பெறும். ரெக்வெஸ்டில் உள்ள ஒவ்வொரு பைட்டும் 32 முதல் 126-க்குள் இருக்க வேண்டும், அதிலும் 37 கூடாது என்பது அதன் கணக்கு. யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டில் 'அ' என்ற ஒரே எழுத்து 224, 174, 133 என்று மூன்று பைட். மூன்றுமே எல்லைக்கு வெளியே. தமிழில் ஓர் எழுத்து அடித்தாலே 5 மார்க், தடுப்பதற்கான வரம்பும் வழக்கமாக 5தான். 942460-ம் லெவல் 3 ரூல். தொடர்ந்து நான்கு 'எழுத்தல்லாத' பைட் வந்தால் சந்தேகப்படும், அதன் கண்ணில் தமிழ் எழுத்தே அல்ல. நம் பெயரை நம் மொழியில் எழுதினால் தாக்குதல் என்று எடுத்துக்கொள்வதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. ஆனால் லெவல் 3 எல்லா சைட்டுக்கும் எழுதியதல்ல, என்ன உள்ளே வரும் என்று கறாராகத் தெரிந்த இடத்துக்கு.

ஆங்கிலத்தில் அடித்தும் மாட்டியவர்கள் இருந்தால் முகவரிப் பெட்டியில் என்டர் தட்டியிருப்பார்கள். புது வரி என்பது பைட் 10, அதுவும் வெளியே.

பெயர், முகவரிப் பெட்டிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் போதாது, 920272 ரெக்வெஸ்ட் பாடி முழுவதையும் பார்க்கும். லெவலை 1-க்கு இறக்குங்கள். 2 வேண்டுமென்றால் முதலில் லாக் மோடில் ஓட்டிப் பாருங்கள்.

பழைய_அட்மின்
நான் சொன்ன லாக் மோடுக்குத்தான் வந்து நிற்கிறீர்கள்.

பேட்ச்_பாண்டி
அதைச் சரியாகத்தான் சொன்னீர்கள் சார். வாஃபே வேண்டாம் என்றதைத்தான் மறுத்தேன். தம்பி, உங்கள் லாகின் பக்கப் பிரச்சனைக்கு லெவல் 3 எந்த விதத்திலும் உதவியிருக்காது. பாட் அனுப்புவது ஒழுங்கான யூசர்நேம், பாஸ்வேர்டு, அதில் எந்த ரூலும் மாட்டாது. லாகின் யூஆர்எல்லுக்கு மட்டும் ரேட் லிமிட் (இத்தனை நேரத்தில் இத்தனை தடவைதான் என்ற வரம்பு) போடுங்கள், அட்மின் கணக்குகளுக்கு ஓடிபி வையுங்கள்.

புத்தகக்கடை_தம்பி
லெவல் 1 வைத்தாயிற்று. தமிழ் ஆர்டர் போகிறது. எல்லாருக்கும் ரொம்ப நன்றி அண்ணா, அக்கா.

ரூட்டர்_ராணி
நல்லது. ரேட் லிமிட் போட்டாயிற்றா? இன்னொன்று, சர்வரின் பழைய ஐபியை பிரவுசரில் நேராக அடித்தால் சைட் திறக்கிறதா? திறந்தால் பாட்காரன் வாஃபைச் சுற்றிக்கொண்டு உள்ளே வருவான், சைட் பெயர் எந்த ஐபிக்குப் போகிறது என்று சொல்லும் பழைய டிஎன்எஸ் பதிவுகள் எங்கும் கிடைக்கும். 80, 443 போர்ட் இரண்டையும் வாஃபின் ஐபிகளுக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றதை அடையுங்கள். பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ரூட்டர்_ராணி
தம்பி?

கோவை_கோடர்
எங்களுக்கும் இதே ரூல் செட், லெவல் 1தான். ஆனால் போட்டோ அப்லோடு செய்தால் மட்டும் 403. என்ன காரணமாக இருக்கும்?

நெல்லை_சர்வர்
ரூல் எண்?