ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனச்சிதறல், மிகைத்துடிப்பு) உள்ள பெரியவர்களுக்கான கூடுகை: வந்தவர்கள் மறுபடி வர என்ன செய்யலாம்?

தாழைமடல்:
சென்னையில் மாதம் ஒரு முறை, சுமார் 12 பேர். வட்டமா உட்கார்ந்து சுய அறிமுகம், அப்புறம் பொதுப் பேச்சு. பாதிப் பேர் இரண்டாவது முறை வருவதில்லை. பெற்றோர் கூட வந்தால் அவங்களே பேசிடுறாங்க. எதை மாத்தலாம்?

நெய்தல்:
முதல்ல சுய அறிமுகத்தை எடுத்துடுங்க. தன் முறை எப்ப வரும்னு பதறிக்கிட்டு இருக்கிறவர் காதுல வேற எதுவும் விழாது. பதிலா எல்லாரும் மாட்டிக்கிற மாதிரி நிற அட்டை கொடுங்க. ஆட்டிசம் உள்ளவங்களே அமெரிக்காவில் 1996-ல் தொடங்கிய ஆட்ரீட் முகாம்கள்ல புழங்கிய முறை இது. சிவப்புன்னா யாரும் பேச்சுக் கொடுக்க வேண்டாம். மஞ்சள்னா ஏற்கெனவே தெரிஞ்சவங்க மட்டும். பச்சைன்னா பேச ஆசை, ஆனா தொடங்க வரலை, நீங்களே வந்து பேசுங்க. பச்சையை வெறும் "ஓகே"ன்னு எடுத்துக்கிட்டு யாருமே கிட்டப் போகாம விட்டுடுவாங்க, அதனால விளக்கத்தை வாசல்லயே ஒட்டிடுங்க. நிறம் பிரிச்சுப் பார்க்க முடியாதவங்களுக்காக அட்டையில் எழுத்தும் வேணும். மூணையும் ஒரே உறையில் கொடுத்தா, நடுவுல சத்தமில்லாம மாத்திக்கலாம்.

வேப்பங்காற்று:
அறையையும் பாருங்க. பழைய சோக் வச்ச டியூப்லைட்டோட மினுக்கலும் இரைச்சலும் சிலரால தாங்கவே முடியாது. பகல்ல நடத்தி, ஜன்னல் வெளிச்சத்துல உட்காருங்க. சென்ட், ஊதுபத்தி வேண்டாம்னு அழைப்பிலேயே சொல்லிடுங்க. எந்த வாசல், எத்தனை மணிக்கு முடியும், வாசலோட போட்டோ எல்லாம் மூணு நாள் முன்னாடியே போகணும். வட்டத்துக்குப் பதிலா நீள மேசை, கைவேலை: பின்னல், புதிர்ப்படம், எதுவானாலும். பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து வேலை செய்யும்போது கண்ணைப் பார்க்கணும்ங்கிற நெருக்கடி இல்லை, பேச்சு தானா வரும். யாராவது எழுந்து வெளிய போனா பின்னாடியே போய் "என்னாச்சு"ன்னு கேட்காதீங்க.

கரிசல்:
பெற்றோருக்கு வேற அறை, வேற நேரம். எதைப் பேசுறது, காசை எப்படிச் செலவு பண்றதுன்னு உறுப்பினர்கள்தான் முடிவு செய்யணும். அது இல்லாம "நம்ம கூட்டம்"ங்கிற எண்ணமே வராது. வாயால பேசாதவங்க டைப் பண்ணி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும், இதை விதியாவே வைங்க.

மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்கவே கேட்காதீங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியல்ல ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் இருக்கு, ஏடிஹெச்டி தனியா இல்லை. கேட்டா, ஏடிஹெச்டி மட்டும் உள்ளவங்க எல்லாரும் வாசலோட திரும்பிடுவாங்க.

தாழைமடல்:
நன்றிங்க. பச்சை அட்டைக்காரர்கிட்ட யார் போய்ப் பேசுறது?

நெய்தல்:
ரெண்டு பேரை முன்னாடியே பொறுப்பாக்கிடுங்க. "என்ன வேலை பார்க்கிறீங்க" வேண்டாம். "இப்ப எதுல மூழ்கிக் கிடக்கீங்க"ன்னு கேட்கட்டும். பதில் இருபது நிமிஷம் போனாலும் குறுக்கே பேசாம கேட்கச் சொல்லுங்க.