ஆர்கானிக்கில் 41: ப்ரீமெட் படிப்பவர்கள் சொல்லுங்கள், உங்களுக்கு எப்படிப் போனது?

இரண்டாம் ஆண்டு, உயிரியல் மாணவி

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரிக்குப் போக முதலில் ஒரு பட்டம் முடிக்க வேண்டும். அதற்கான தயாரிப்புதான் ப்ரீமெட், நானும் அதில்தான். போன செமஸ்டரில் நான் எடுத்த பாடங்களைச் சொன்னாலே கோளாறு எங்கே என்று புரிந்துவிடும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, அதற்கு லேப், ஃபிசிக்ஸ், அதற்கும் லேப், மேலே ஜெனெடிக்ஸ். மொத்தம் 17 கிரெடிட் (பாடத்தின் கனத்தைச் சொல்லும் எண்). யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கூட இருந்தவர்கள் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். மூன்று அறிவியல் பாடம் ஒன்றாக எடுக்காதவள் டாக்டராக லாயக்கில்லை என்று ஒரு நினைப்பு வேறு.

ஆர்கானிக் முதல் தேர்வு மதிப்பெண் இரவு பதினொரு மணிக்கு வந்தது. நூலகத்தில் இருந்தேன். 100-க்கு 41. போனைக் கவிழ்த்து வைத்தேன். பத்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தேன், எண் மாறியிருக்குமோ என்று. மாறவில்லை. அப்புறம் அன்று இரவு முழுக்க ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. படிப்பது போல உட்கார்ந்திருந்தேன். அம்மா கூப்பிட்டபோது தேர்வு இன்னும் திருத்தவில்லை என்றேன். அந்தப் பொய்யை மூன்று வாரம் இழுத்தேன். மார்க்கை விட அதுதான் அதிகம் அரித்தது.

வகுப்புச் சராசரி 54 என்று மறுநாள்தான் பார்த்தேன். 41-ஐப் பார்த்த கண்ணுக்கு அதன் கீழேயே இருந்த அடுத்த வரி தெரியவில்லை!

கடைசியில் பேனா எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல் வருட முடிவில் எனக்கு 30 கிரெடிட், ஜிபிஏ (மொத்தக் கிரேடு சராசரி) 4-க்கு 3.8. ஆர்கானிக் 4 கிரெடிட். அதில் சி பிளஸ் வந்தால் 2.3. இரண்டையும் சேர்த்தால் 3.62. பார்த்தால் வயிறு கலங்கும்தான். ஆனால் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். மிச்சம் 86 கிரெடிட்டிலும் பழையபடி 3.8 வாங்கினால் முடிவில் 3.75. நான் என்னவோ எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்தேன், குறைவது 0.05.

சரி, இதில் ஒரு கொக்கி இருக்கிறது. மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களை வாங்கும் அம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் பிரித்தெடுத்துத் தனி ஜிபிஏ போடும். பிசிபிஎம் என்பார்கள். அதில் கிரெடிட் குறைவு, அதனால் அடி பலமாக விழும். எனக்கு அறிவியலில் 16 கிரெடிட், 3.7. சி பிளஸ்ஸைச் சேர்த்தால் 3.42. அதுவும் மெதுவாக ஏறும், ஆனால் மெதுவாகத்தான் ஏறும்.

கணக்கு போட்டதால் தூக்கம் வந்தது. மார்க் வரவில்லை. அதற்கு விடைத்தாளைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரின் ஆபிஸ் அவர்ஸுக்கு, மாணவர்கள் அவர் அறையில் சந்தேகம் கேட்கும் நேரத்துக்கு, போக வேண்டியிருந்தது. இரண்டு முறை கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் முறை வெளியே வந்தவரே, "உள்ளே வா" என்றார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒரு கேள்வியைக் காட்டி, "இதைப் படித்ததும் முதலில் எதைப் பார்த்தாய்?" என்று மட்டும் கேட்டார். நியூக்ளியோஃபைலை, அதாவது கார்பனைத் தாக்க வரும் மூலக்கூறைப் பார்த்தேன் என்றேன். "கார்பனை?" பார்க்கவே இல்லை. அது மூன்றாம் நிலைக் கார்பன். அங்கே எஸ்என்2, அதாவது நியூக்ளியோஃபைல் பின்பக்கமாக நுழைந்து பழைய தொகுதியைத் தள்ளிவிடும் வினை, நடக்காது. சுற்றிலும் கூட்டம், பின்பக்கமாக நுழைய வழியில்லை. இதே தப்பை ஐந்து கேள்விகளில் செய்திருந்தேன். இழந்த 59 மதிப்பெண்ணில் 22 இந்த ஒரு தப்புக்கே போயிருக்கிறது.

கொடுமை என்னவென்றால், அந்த வாக்கியம் என் நோட்டில் மஞ்சள் கோடு போட்டு இருக்கிறது. நாலைந்து தடவை வாசித்திருப்பேன். வாசிக்க வாசிக்கத் தெரிந்த மாதிரியே இருக்கும். வெற்றுத்தாளை வைத்து அம்புக்குறி போடச் சொன்னால் கை நின்றுவிடும். அன்றிலிருந்து நோட்டை மூடிவைத்து வினைகளை வரைந்து பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாம் தேர்வில் 58, சராசரி 57. பாடம் முடிந்தபோது, கணக்குப் போட்டபடியே சி பிளஸ்.

இந்த செமஸ்டரில் ஆர்கானிக் இரண்டும் அதன் லேபும் மட்டும்தான் கனம். கூட பயோஸ்டாட், சோஷியாலஜி, ஓர் இலக்கிய வகுப்பு. சோஷியாலஜியைச் சும்மா எடுத்தது என்று நினைக்காதீர்கள். மருத்துவக் கல்லூரி நுழைவுத்தேர்வான எம்கேட் 2015-இல் மாறியதிலிருந்து நான்கு பகுதியில் ஒன்று உளவியல், சமூகவியல்தான். கெமிஸ்ட்ரிக்கு இருக்கும் அதே 118 முதல் 132 வரையான மதிப்பெண்தான் அதற்கும். இதை முதல் வருடத்திலேயே யாராவது சொல்லியிருக்கலாம்.

நேற்று ஆர்கானிக் இரண்டின் முதல் தேர்வு வந்தது. 71. சராசரி 60. இந்தத் தடவை சராசரியை முதலில் பார்த்தேன்.

உங்களுக்கு எப்படி? குறிப்பாக, நடுவில் ஒரு பாடத்தை விட்டவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ஃபிசிக்ஸில் நான் அதைச் செய்திருக்க வேண்டுமோ என்று இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.


மருத்துவக் கல்லூரி, முதலாம் ஆண்டு

தங்கச்சி, நான் விட்டவன். மூன்றாம் வருடம், ஃபிசிக்ஸ் இரண்டு. காலக்கெடு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. நான் படிவத்தைக் கொடுத்தது நாலே முக்காலுக்கு.

எனக்கு அட்வைசர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நடுவில் விட்ட பாடத்துக்குக் கிரேடுக்குப் பதில் டபிள்யூ என்று விழுந்தால் ஜிபிஏவில் சேராது. ஆனால் டி வாங்கிவிட்டு அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால் அம்காஸ் இரண்டையும் கணக்கில் எடுக்கும். உன் கல்லூரி பழைய கிரேடை மறைத்தாலும் அம்காஸ் மறைக்காது. முன்பு ஆஸ்டியோபதிக் கல்லூரிகளின் (எம்டிக்குப் பதில் டிஓ பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகள்) விண்ணப்பத்தில் புதியது பழையதை அழிக்கும் விதி இருந்தது. 2017-இல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆகவே "போனால் போகட்டும், அப்புறம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்" என்பவர்களின் பேச்சைக் கேட்காதே. தேற வழியே இல்லை என்றால் காலக்கெடுவுக்கு முன்னால் விடு. ஒரு சி பிளஸ்ஸுக்குப் பயந்து விடாதே, அது தாங்கும்.

விடுவதற்கு முன் கிரெடிட்டை எண்ணிப் பார். 12-க்குக் கீழே போனால் முழுநேர மாணவர் இல்லை, நிதி உதவியில் கை வைப்பார்கள். டபிள்யூ மூன்று நான்கு என்று சேர்ந்தால் அதுவும் கேள்விக்குள்ளாகும். எனக்கு ஒன்றுதான். நேர்காணலில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. ஆர்கானிக் லேபில் பி மைனஸ் ஏன் என்று கேட்டார்கள்!

அது ஒரு தனிக் கூத்து. அதற்கு முந்தைய வாரம் வரை ஈதர் வைத்துப் பிரித்தோம், வேண்டிய பொருள் அதில்தான் கரைந்திருக்கும். ஈதர் தண்ணீரைவிட லேசு, மேலே நிற்கும். கீழே இருப்பதை வடித்துக் கொட்டினால் போதும். அந்த வாரம் டைக்குளோரோமீத்தேன். அது தண்ணீரைவிடக் கனம், கீழே போய் நிற்கும். நான் பழக்கதோஷத்தில் பிரிபுனலின் கீழ்க்குழாயைத் திறந்து, கீழ் அடுக்கு முழுவதையும் கழிவுக் குடுவையில் விட்டு, அதையும் கொண்டுபோய் ஊற்றிவிட்டேன். மிச்சமிருந்த வெறும் தண்ணீரைச் சூடு பண்ணிக்கொண்டு படிகம் வருமா வருமா என்று முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். லேபைக் கவனிக்கும் டிஏ (உதவி ஆசிரியர்) வந்து எட்டிப் பார்த்து, "எந்த அடுக்கைக் கொட்டினாய்?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. கடைசிப் பொருள் கையில் வரும்வரை எந்த அடுக்கையும் கொட்டக்கூடாது என்று பலகையில் பெரிதாக எழுதிப் போட்டிருந்தார்கள். நான் அதற்குக் கீழேதான் நின்றிருந்தேன்.

நேர்காணலில் இதைச் சொன்னபோது எதிரே இருந்த டாக்டர் சிரித்துவிட்டு, தான் உடைத்த ஒரு குடுவையைப் பற்றிச் சொன்னார். மார்க் பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

ஆர்கானிக்கைப் பற்றி இன்னொன்று. 2022-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 350 பேர் வகுப்பில் 82 பேர், பாடம் அளவுக்கு மீறிக் கடினம் என்று மனுக் கொடுத்தார்கள். பேராசிரியரின் வேலை போனது. பத்திரிகைகளில் பெரிய சண்டை. எங்கள் மெஸ்ஸிலும் அதைவிடப் பெரிய சண்டை. மனுக் கொடுத்தவர்கள் பக்கம் நான் இல்லை. ஆனால் ஒரு பாடத்தின் எழுத்தில் மொத்த எதிர்காலமும் தொங்குகிறது என்று நினைத்தால் மனுஷன் எதுவும் செய்வான் என்பது புரிகிறது.


வரலாறு படித்தவன், இப்போது விண்ணப்ப வருடம்

ப்ரீமெட் என்பது மேஜர், அதாவது பட்டத்தின் முதன்மைப் பாடம், இல்லை. இதை வீட்டில் புரியவைக்கவே எனக்கு ஒரு கோடை விடுமுறை ஆனது. உயிரியல், ஜெனரல் கெமிஸ்ட்ரி, ஆர்கானிக், ஃபிசிக்ஸ் இவை ஒவ்வொன்றும் லேபோடு ஒரு வருடம். அப்புறம் பயோகெமிஸ்ட்ரி, கொஞ்சம் கணிதமோ ஸ்டாட்டோ, ஆங்கிலம். பெரும்பாலான கல்லூரிகள் கேட்பது இவ்வளவுதான், கல்லூரிக்குக் கல்லூரி சிறு வித்தியாசம் இருக்கும். மீதியில் நீங்கள் சங்க இலக்கியம் படித்தாலும் தடையில்லை.

நான் செமஸ்டருக்கு ஓர் அறிவியல், மிஞ்சினால் இரண்டு என்று வைத்துக்கொண்டேன். சுகமாக இருந்தது. மாட்டிக்கொண்ட இடம் வேறு. அறிவியல் கிரெடிட் மொத்தமே குறைவு என்பதால் ஃபிசிக்ஸில் வந்த ஒரே ஒரு பி மைனஸ் என் பிசிபிஎம்மைப் பிடித்து இழுத்துவிட்டது. உயிரியல் படிப்பவனுக்கு அது கடலில் கரைந்துபோகும். அதனால் கடைசி வருடம் விருப்பமே இல்லாமல் ஃபிசியாலஜி எடுத்தேன், அந்த எண்ணை ஏற்றுவதற்காக மட்டும். சிறுநீரகம் பாடம் வந்த வாரத்திலிருந்து விருப்பத்தோடு படித்தேன். சிறுநீரகத்தின் வடிகட்டி அலகான நெஃப்ரான் மாதிரி ஒன்றை யாராவது யோசித்துக் கட்டியிருந்தால் சிலை வைத்திருப்போம்.

பள்ளியிலேயே ஏபி என்ற கல்லூரி நிலைத் தேர்வு எழுதி கிரெடிட் வாங்கியவர்களுக்கு: சில மருத்துவக் கல்லூரிகள் அதைப் பாடமாக ஏற்காது, அதற்குப் பதில் மேல்நிலைப் பாடம் கேட்கும். நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் இடங்களின் விதியைப் பார்த்துவிட்டு ஜெனரல் கெமிஸ்ட்ரியைத் தாண்டுங்கள்.

படிப்பு முடிந்து நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போகவில்லை. ஒரு வருடம் மருத்துவமனையில் நோயாளிகளைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோகும் வேலை. சித்தப்பா இன்னும் அதைத் தோல்வி என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். சேருபவர்களில் பாதிக்கு மேல் இப்படி இடைவெளி விட்டுத்தான் சேருகிறார்கள் என்று சொன்னேன். கேட்டால்தானே.


ஒரு ப்ரீமெட் பையனின் அம்மா

நான் மாணவி இல்லை. என் மகனுக்காக இந்தத் தலைப்புகளை வாசிப்பேன்.

அவனுடைய தேர்வுத் தேதிகளையெல்லாம் சமையலறைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் குறித்து வைத்திருந்தேன். வீடியோ காலில் பேசும்போது என் தலைக்குப் பின்னால் அது தெரியும். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "அம்மா, அந்தக் காலண்டரைத் திருப்பி வைங்களேன்" என்றான். ஏன் என்று கேட்டேன். "சும்மா" என்றான்.

யோசித்துப் பார்த்தால், சிவப்புக் குறி இருக்கும் வாரங்களில் அவன் வீடியோ இல்லாமல்தான் கூப்பிடுவான். வருடக்கணக்காக. நான் பன்னிரண்டாம் வகுப்பில் கால் மார்க்குக்கு அழுத தலைமுறை. மார்க் கேட்பதுதான் அக்கறை என்று நினைத்திருந்தேன். இப்போது கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. முதல் மாதம் என்ன பேசுவதென்றே தெரியவில்லை எங்கள் இருவருக்கும். அப்புறம் அவன் அறை நண்பன் வளர்க்கும் ஆமையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம்.

போன வருடம் பல்கலைக்கழகக் கவுன்சிலிங் மையத்துக்குப் போய்க்கொண்டிருந்தானாம். எனக்கு முடிந்த பிறகுதான் சொன்னான். முதலில் கோபம் வந்தது. பிறகு, போனானே என்று இருந்தது.

அம்மாவிடம் மூன்று வாரம் மறைத்த பெண்ணுக்கு: சொல்லிவிடும்மா. திட்டினால் திட்டட்டும்.


எஃப்1 (மாணவர்) விசாவில் இருப்பவன்

மேலே 12 கிரெடிட் பற்றிச் சொன்ன அண்ணாவுக்கு நன்றி. எங்களுக்கு அது நிதி உதவியோடு நிற்காது, விசாவுக்கே ஆபத்து. முன்கூட்டி சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் பாடத்தை விடவே கூடாது.

வெளிநாட்டு மாணவர்களை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகள் இங்கே குறைவு. எடுப்பவற்றிலும் சில, படிப்புச் செலவுக்கான பணத்தை முன்னதாகவே காட்டச் சொல்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்கு ஆர்கானிக் மார்க் எல்லாம் சின்ன விஷயமாகத் தெரிந்தது. நான் இப்போது பயோஸ்டாட் முதுகலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் ஆசை போய்விட்டதா என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியாது. ஆர்கானிக்கில் என் மார்க் 38, கேட்டதற்காகச் சொல்கிறேன்.


இரண்டாம் ஆண்டு, உயிரியல் மாணவி

38-க்கு ஒரு கும்பிடு. நான் தனியாக இல்லை!

அண்ணா, நீங்கள் எழுதியதைப் பார்த்தபின் ஃபிசிக்ஸை விடாததில் வருத்தம் போய்விட்டது. பி வந்தது, விட்டிருந்தால் 13 கிரெடிட்டில் நின்றிருப்பேன், ஆபத்து இல்லைதான், ஆனால் தேவையும் இல்லை. ஃபிசிக்ஸ் இரண்டைக் கோடையில் தனியாக எடுக்கப்போகிறேன். நாளை காலை ஏழு மணிக்கு அடுத்த செமஸ்டர் பதிவு திறக்கிறது. பயோகெமிஸ்ட்ரி, உளவியல், வரலாற்றுக்காரர் ஆசைகாட்டிய ஃபிசியாலஜி. ஜெனெடிக்ஸ் லேபும் சேர்த்துப் பட்டியலில் இருந்தது, இப்போதுதான் அடித்தேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன், ஆன்ட்டி. ஒரு நிமிடம் பேச்சே இல்லை. பிறகு, "சி பிளஸ்னா பாஸ்தானே?" என்று கேட்டார்.

இன்று மதியம் லேப். டைக்குளோரோமீத்தேன்தான். இரண்டு குடுவையிலும் மேல், கீழ் என்று டேப் ஒட்டி எழுதியாயிற்று.